நாகப்பட்டினம் துறைமுகம் எப்படி இப்படி படுத்துருச்சு? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நாகைப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு நாகப்பட்டினம், பத்து வருஷமா வெளியூர்ல வேலை. போன மாசம் லீவுக்கு வந்தப்ப வீட்டுப் பரண்ல கெடந்த தாத்தாவோட தகரப்பெட்டிய எறக்குனோம். பச்சை பெயிண்ட்டு உரிஞ்சு போயிருக்கு, ஆனா மூடி மேல வெள்ளை எழுத்துல தாத்தா பேரும் கீழ பினாங்குன்னும் இன்னும் படிக்க முடியுது. உள்ள ரெண்டு சட்டை, ஒரு கண்ணாடி டப்பா, பழைய பாஸ்போர்ட்டு, அவ்வளவுதான். நம்ம ஊர்லயே கப்பல் ஏறி நேரா மலேயாவுல போய் எறங்கியிருக்காரு மனுஷன்.

அத பாத்ததுலேர்ந்து மனசுல ஒரே கேள்வி. சாயங்காலம் துறைமுகம் பக்கம் நடந்து போனேன், லைட் ஹவுஸ் நிக்குது, மத்தபடி அந்தப் பக்கம் ஒரு பரபரப்பும் இல்ல. இப்ப இலங்கையில இருக்குற காங்கேசன்துறைக்கு ஒரு பயணிகள் கப்பல் ஓடுது, அதுவும் மழைக்காலம் வந்தா நின்னுடுது. சின்ன வயசுலேர்ந்து "சோழர் காலத்து துறைமுகம், பெரிய துறைமுகம்"னு கேட்டு கேட்டு வளந்தவன் நான். நெசமாவே அவ்வளவு பெரிய துறைமுகமா இருந்துச்சா, இல்ல ஊர்ப் பெருமைக்கு சொல்றதா? இருந்துச்சுன்னா எப்ப, எதனால விழுந்துச்சு? இன்னிக்கு ஊரு எத நம்பி ஓடுது? ஆபீஸ்ல கூட வேலை செய்யிறவங்க கேட்டா வேளாங்கண்ணி பக்கத்து ஊருன்னும் சுனாமி வந்த ஊருன்னும்தான் சொல்ல வேண்டியிருக்கு, அது எனக்கு கஷ்டமா இருக்கு.

கடைமடை:

தம்பி, ஊர்ப் பெருமை இல்ல, நெசம்தான். நான் முப்பது வருஷம் சரித்திரம் பாடம் நடத்துனவன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ண புரிஞ்சுக்கணும், இந்த எடத்துல துறைமுகம் வந்ததுக்கு காரணம் கடல் இல்ல, பின்னாடி இருக்குற வயலு. காவிரி டெல்டா முழுக்க வெளையிற நெல்லு, ஊரூருக்கு தறி, இதெல்லாம் வெளிய போக ஒரு வாசல் வேணும். அந்த வாசல் ஒரு காலத்துல பூம்புகார், அப்பறம் நாகப்பட்டினம். தஞ்சாவூர்ல தலைநகரம் இருந்தப்ப அதோட கடல் வாசல் நாகைதான்.

ராஜராஜன் காலத்துல ஸ்ரீவிஜய நாட்டு ராஜா, அதாவது இன்னிக்கு சுமத்ரா மலேசியா பக்கம் ஆண்டவரு, தன் அப்பா பேர்ல இங்க ஒரு புத்த விகாரம் கட்டுறாரு, சூடாமணி விகாரம். யோசிச்சு பாருங்க, கடல் தாண்டி இருக்குற ராஜா எதுக்கு இங்க வந்து கோயில் கட்டணும்? அவரு நாட்டு வியாபாரிங்க இங்க வந்து மாசக்கணக்குல தங்குறாங்க, காத்து மாறுற வரைக்கும் கப்பல் திரும்ப முடியாது, அவங்களுக்கு சாமி கும்பிட ஒரு எடம் வேணும். ராஜராஜன் சைவரு, ஆனா அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம்னு ஒரு கிராமத்தோட வருமானத்தையே எழுதிக் குடுத்தாரு. அந்த சாசனம் 21 செப்பேடு, அதுல 5 வடமொழி, 16 தமிழ். நெலத்தோட எல்லைய ஒரு வாய்க்கால் விடாம, ஒரு மேடு விடாம எழுதி வச்சிருக்காங்க. டச்சுக்காரங்க காலத்துல அது கடல் தாண்டி நெதர்லாந்துக்கு போய், பின்னாடி அங்க லைடன் பல்கலைக்கழகத்துக்கு போய்ச் சேந்ததாலதான் லைடன் செப்பேடுன்னு பேரு வந்துச்சு, நம்ம நெலத்தோட பத்திரத்துக்கு அவங்க ஊரு பேரு. படிக்கிறப்ப எல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அப்பறம் அதே ஸ்ரீவிஜயத்து மேலதான் ராஜேந்திரன் 1025ல படை எடுத்தான், கடாரம் கொண்டான்னு பேரு வாங்குனான். ஆனாலும் உறவு அத்துப் போகல, பின்னாடி குலோத்துங்கன் காலத்துல அதே விகாரத்துக்கு மறுபடியும் ஒரு சாசனம், அது சின்ன லைடன் செப்பேடு, மூணு ஏடு. சண்டை ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம்.

1856லேர்ந்து நம்ம ஊரு மண்ணுல தோண்டத் தோண்ட புத்தர் வெண்கலச் சிலைங்க கெடச்சுச்சு, 350க்கும் மேல. சென்னைக்கு போனீங்கன்னா எழும்பூர் மியூசியத்துல அவசியம் போய் பாருங்க, சிலது கைக்குள்ள அடங்குற அளவுதான் இருக்கும், நெருப்பு மாதிரி தலைமேல ஒரு சுடர் வச்சிருக்கும்.

போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டுல வந்தாங்க, 1658ல டச்சுக்காரங்க புடிச்சாங்க, 1690ல சோழமண்டலக் கரை முழுசுக்கும் அவங்க தலைமை எடத்த பழவேற்காட்டுலேர்ந்து நாகைக்கு மாத்துனாங்க. நல்லா இல்லாத ஊருக்கு எவன் தலைமை ஆபீஸ மாத்துவான்? 1781ல இங்கிலீஷ்காரன் புடிச்சான். விழுந்த கதை அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குதுன்னு நான் நெனக்கிறேன், மத்தவங்க என்ன சொல்றாங்க பாப்போம்.

மணல்திட்டு:

கடைமடை ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் கடல் பக்கத்துலேர்ந்து பேசுறேன். எங்க அப்பா தோணி வேலை பாத்தவரு, அதனால கேட்டு தெரிஞ்சது.

நாகப்பட்டினம்னு சொன்னாலே எல்லாரும் கப்பல் வந்து கரைய ஒட்டி நிக்கும்னு நெனக்கிறாங்க. ஒரு நாளும் அப்படி இல்ல. இது திறந்த கடல், வளைகுடாவும் இல்ல மலையும் இல்ல, கரைய ஒட்டி ஆழம் கெடையாது, மெதுவா சரிஞ்சுட்டே போகும். பெரிய கப்பல் கரைக்கே வராது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். இங்கேர்ந்து தோணியில சரக்கையும் ஆளையும் ஏத்திகிட்டு போய் கப்பல் பக்கவாட்டுல நிறுத்தி ஏணி வழியா ஏத்தணும். அலை தூக்குறப்ப தோணி மேல போகும், எறங்குறப்ப கீழ போகும், அது மேல வர்ற அந்த ஒரு நொடியில கால எடுத்து ஏணியில வைக்கணும். கைப்புள்ளய வச்சிருக்குற பொம்பளைங்க இருந்தா அப்பா புள்ளய முண்டுல சுத்தி மொதல்ல மேல நிக்கிற ஆள் கைல குடுத்துட்டு அப்பறம் அம்மாவ ஏத்துவாராம். தம்பி, உங்க தாத்தா அந்த தகரப்பெட்டிய வச்சுகிட்டு அப்படித்தான் ஏறியிருப்பாரு.

பாய்மரக் காலத்துல இது ஒரு கொறையே இல்ல, அன்னிக்கு கப்பல் சின்னது, ஆத்துக்குள்ளயே கொஞ்ச தூரம் வந்துடும். கப்பல் பெருசாகப் பெருசாக நம்ம கடல் பத்தல. கடுவையாறு கடல்ல சேர்ற முகத்துவாரத்துல மணல் மேடு போட்டுகிட்டே இருக்கும், நம்ம கரை நெடுக மணல் தெற்கேர்ந்து வடக்கால நகர்ற கரை. முன்னாடி ஆத்துல வெள்ளம் பெருக்கெடுத்து வந்து அந்த மணல அடிச்சு வெளிய தள்ளும், 1934ல மேட்டூர் அணை வந்தப்பறம் அந்த வேகம் கொறஞ்சு போச்சு, கடைமடைக்கு தண்ணி வந்து சேர்றதே பெரிய பாடு, இதுல எங்கேர்ந்து மணல தள்றது. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து அடிச்சா தோணி எறக்கவே முடியாது. புயல் கணக்கு வேற, 1952, 1977, அப்பறம் 2018 கஜா. அதனால என் முடிவு, கடலும் மணலும்தான் காரணம், யாரையும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

ரயிலடி:

மணல்திட்டு அண்ணே, உங்க அப்பா கதை படிக்க அருமையா இருந்துச்சு, ஆனா முடிவ நான் ஒத்துக்க மாட்டேன்.

சென்னையும் திறந்த கடல்தானே? அங்கயும் கப்பல் தூரத்துலதான் நின்னுச்சு, அங்கயும் மசூலா படகுல அலைய தாண்டித்தான் ஆளு எறங்குனாங்க, அங்க அலை நம்ம ஊர விட மோசம். ஆனா அங்க 1875ல கடலுக்குள்ள கல்லக் கொட்டி செவுரு கட்ட ஆரம்பிச்சாங்க, 1881ல புயல் வந்து எல்லாத்தையும் அடிச்சுட்டு போச்சு, விட்டாங்களா? மறுபடி கட்டுனாங்க. 1904க்கு அப்பறம் வாசல மாத்தி வச்சு இன்னும் பெருசாக்குனாங்க. அதே செவுர நம்ம ஊருக்கு யாரும் கட்டல, அதான் விஷயம். இங்கிலீஷ்காரனுக்கு 1639லயே சென்னை கெடச்சுருச்சு, கோட்டை அங்க, கவர்னர் அங்க, 1784 ஒப்பந்தத்துல நாகப்பட்டினம் அவன் கைக்கு உறுதியானப்ப அவனுக்கு இது இன்னொரு ஊரு, அவ்வளவுதான். டச்சுக்காரனுக்கு தலைமை எடமா இருந்த ஊரு இவனுக்கு ஓரமாப் போச்சு.

இன்னொரு விஷயம் பாருங்க, இந்த ஊருலேர்ந்து எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துட்டு போயிருக்காங்க. 1799லேர்ந்து 1845 வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு தலைநகரம் நாகப்பட்டினம், அப்பறம் தரங்கம்பாடிக்கு மாத்தி, 1860ல தஞ்சாவூருக்கே கொண்டு போயிட்டாங்க. திருச்சியில இருக்குற செயின்ட் ஜோசப் காலேஜ் 1844ல நாகப்பட்டினத்துல ஆரம்பிச்சது, 1883ல திருச்சிக்கு போச்சு. அந்த காலேஜ நடத்துன இயேசு சபை பாதிரிமாருங்க கட்டடம் கட்டத்தான் 1867ல பழைய விகாரத்தோட கோபுரத்த இடிச்சாங்க, கப்பல்காரங்க தூரத்துலேர்ந்து அடையாளம் பாத்து வந்த மூணு நெல கோபுரம் அது, சீனக் கோபுரம்னு சொல்லுவாங்க. அது இன்னிக்கு நின்னுருந்தா உலகமே வந்து பாத்துருக்கும்.

ரயிலயும் எடுத்துக்குங்க, நான் ரயில்வே குடும்பம். தென்னாட்டுல கிரேட் சதர்ன் கம்பெனி போட்ட மொத பாதையே நாகப்பட்டினம் பாதைதான், 1861ல ஆரம்பிச்சு 1862ல திருச்சி வரைக்கும் ஓடுச்சு. துறைமுகத்த நம்பித்தானே அத அங்கேர்ந்து ஆரம்பிச்சான். ஆனா பின்னாடி சென்னையிலேர்ந்து தூத்துக்குடிக்கு மெயின் லைன் போட்டப்ப அது மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர்னு போயிருச்சு, நாகப்பட்டினம் கிளைப்பாதை ஆயிருச்சு. அதுக்கப்பறமும் ரயில்வே ஒர்க் ஷாப் இங்கதான் இருந்துச்சு, அதையும் 1928ல திருச்சி பொன்மலைக்கு தூக்கிட்டு போயிட்டாங்க. எங்க கொள்ளுத்தாத்தா அதுல ஃபிட்டரு. குடும்பம் குடும்பமா சட்டி பானையோட ரயில் ஏறிப் போனோம்னு எங்க வீட்டுல இன்னும் சொல்லுவாங்க, எங்க தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடந்துச்சாம். ஒர்க் ஷாப் போனா டீக்கடை போகும், துணிக்கடை போகும், வாடகை வீடு போகும். மணல் அடைச்சது வாஸ்தவம், ஆனா மணல எடுக்க ஆளு இல்லாமப் போனது ஏன்னு கேக்கணுமா வேண்டாமா?

நாகூர்க்காரி:

நாகூர்லேர்ந்து ஒரு வார்த்தை. இந்த துறைமுகத்த கடைசி வரைக்கும் உயிரோட வச்சிருந்தது பினாங்கு சிங்கப்பூர் தொடர்புதான். எங்க பக்கத்து மரைக்காயர்மாருக்கு சொந்தமா கப்பலே இருந்துச்சு. இங்கேர்ந்து துணி, அரிசி, புகையிலை, ஆடு மாடு கூட போகும், அங்கேர்ந்து பாக்கு வரும். பினாங்குங்கற பேருக்கே பாக்குன்னுதான் அர்த்தம். எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு சபராளி, அதாவது கடல் தாண்டி சம்பாதிக்கப் போனவரு, இருப்பாரு, பொம்பளைங்கதான் வீட்ட பாத்துப்பாங்க, ஓலை வந்தா ஒரே சத்தமா இருக்கும். சிங்கப்பூர்ல நாகூர் தர்கான்னு 1830 வாக்குல கட்டுனது இன்னும் நிக்குது, போய் எறங்குனவங்க நல்லபடியா வந்து சேந்தோம்னு நன்றிக்கு கட்டுனது. இங்க தர்காவுல இருக்குற பெரிய மனாரா, அதாவது கோபுரம், 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங் கட்டிக் குடுத்தது. கடல்லேர்ந்து வர்றவங்களுக்கு மொதல்ல கண்ணுல படுறது அதுதான்னு எங்க நன்னா சொல்லுவாங்க, அது தெரிஞ்சதும் கப்பல்ல எல்லாரும் ஒரு பக்கமா வந்து நின்னுடுவாங்களாம்.

வியாபாரி மட்டும் போகல, தோட்டக்காட்டுக்கு கூலியாப் போனவங்களும் இந்த வழியாத்தான் போனாங்க. தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி கூட்டிட்டு வருவாரு, இங்க முகாம்ல வச்சு டாக்டர் பாத்து அம்மை குத்தி அப்பறம் கப்பல் ஏத்துவாங்க. 1938ல அத நிறுத்துனாங்க. மலேசியாவுல இன்னிக்கு இருக்குற எத்தனையோ தமிழ்க் குடும்பத்துக்கு நம்ம ஊருல கடைசியா மிதிச்ச மண்ணு நாகப்பட்டினத்து மண்ணுதான்.

கடைசியா ஓடுன கப்பலுங்க ரஜூலா, அதுக்கப்பறம் எம்.வி. சிதம்பரம். சென்னையில கெளம்பி நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். 1985ல சிதம்பரத்துல தீப்பிடிச்சு உயிர்ச்சேதம் ஆகி அதோட அந்தப் போக்குவரத்தே முடிஞ்சுருச்சு. விமானம் வந்தப்பறம் எப்படியும் நின்னுருக்கும்தான், ஆனா நின்ன விதம் மனசுக்கு வேதனை.

அக்கரைப்பேட்டை:

எல்லாரும் துறைமுகம் செத்துருச்சு செத்துருச்சுன்னு எழுதுறீங்க, கொஞ்சம் ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்க. நான் மீன் யாவாரம் பண்ற குடும்பம். விடியக்காலம் மூணு மணிக்கு எங்க மீன்பிடி துறைமுகத்துக்கு வாங்க, நடக்க எடம் இருக்காது. விசைப்படகு வரிசையா அணைஞ்சு நிக்கும், ஐஸ் பார் ஒடைக்கிற சத்தம், ஏலம் போடுற சத்தம், கேரளா லாரி வெயிட்டிங்ல நிக்கும். வஞ்சிரம், சங்கரா, கணவாய், இறால்னு தனித்தனியா கொட்டி வச்சிருப்பாங்க, ஏலக்காரர் வெலை சொல்லிகிட்டே கால் மாத்தி அடுத்த குவியலுக்கு போயிடுவாரு, நாம யோசிச்சோம்னா மீனு போச்சு. நாங்க பொம்பளைங்க கூடை எடுத்துட்டு அஞ்சரை பஸ்ஸ புடிக்கணும், திருவாரூர் வரைக்கும் போய் விப்போம்.

ஊரு எத நம்பி ஓடுதுன்னு கேட்டீங்கல்ல தம்பி, இத நம்பித்தான். படகு ஒரு தடவ போயிட்டு வந்தா டீசல், ஐஸ், சாப்பாட்டு செலவு கழிச்சுட்டுத்தான் மிச்சத்த படகுக்கும் ஆளுங்களுக்கும் பங்கு பிரிப்பாங்க. டீசல் வெலை ஏறுனா பங்கு தேயும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகக்கூடாது, மீனு இனப்பெருக்கத்துக்காக. நியாயம்தான், ஆனா நிவாரணம் 8000 ரூபா வச்சு ரெண்டு மாசம் ஒரு வீடு நடக்குமா? அந்த ரெண்டு மாசம் வட்டிக்கு வாங்குனது அடுத்த வருஷம் வரைக்கும் இழுக்கும். கச்சத்தீவு பக்கம் போனா இலங்கை நேவி புடிக்குது, அங்க இருக்குற தமிழ் மீனவங்களும் நம்ம இழுவைவலையால தங்க கடல் அழியுதுன்னு சொல்றாங்க, அது பொய்யின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

முகத்துவாரம் மணல் அடைக்கிறது எங்களுக்கும்தான் பிரச்சினை. படகு தட்டி கவுந்து ஆளு போயிருக்கு.

2004 டிசம்பர் 26 பத்தி நான் எழுதல, எங்க ஜில்லாவுல மட்டும் 6000 பேருக்கு மேல போனாங்க, அதுல எங்க வீட்டு ஆளும் உண்டு. ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்கு படகெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நொறுங்கிக் கெடந்துச்சு, கடலப் பாத்தாலே புள்ளைங்க அலறுச்சுங்க. சில மாசம் கழிச்சு மறுபடி படகு எறக்குனோம். எங்க நம்பியார் நகர்ல வருஷா வருஷம் ஆவணி மாசம் அதிபத்த நாயனாருக்கு திருவிழா நடக்கும், அவரு எங்க ஆளு, 63 பேர்ல ஒருத்தரு, வலையில விழுந்த மொத மீன சாமிக்குன்னு கடல்லயே விட்டவரு. தங்க மீனு கெடச்சும் விட்டவரு. அன்னிக்கு சாமி கடக்கரைக்கு வரும், படகுல போய் தங்க மீன கடல்ல விடுவாங்க. சுனாமிக்கு அப்பறம் மொத தடவ அத பாத்தப்ப நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

நாகைப்பையன்:

அக்கா, மன்னிச்சுக்குங்க, நான் எழுதுன விதம் தப்பு. சரக்கு, பயணிகள் துறைமுகம்னு தெளிவா எழுதியிருக்கணும்.

மணல்திட்டு அண்ணே, ரயிலடி அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. நாகூருக்கு வடக்க வாஞ்சூர்ல காரைக்கால் துறைமுகம் 2009ல வந்துச்சுல்ல, அங்க நிலக்கரி கப்பல் நேரா வந்து நிக்குது. அதே கடல், அதே மணல்தானே?

மணல்திட்டு:

நல்ல எடத்துல புடிச்சுட்டீங்க தம்பி. ராத்திரி பூரா இதையே யோசிச்சேன். ஆமா, அங்கயும் அதே மணல்தான், ரெண்டு பக்கமும் கல்லக் கொட்டி கடலுக்குள்ள நீட்டுனாங்க, உள்ள ஆழமா தோண்டுனாங்க, தோண்டிகிட்டே இருக்காங்க. காசு போட்டா முடியும்ங்கறது கண்ணு முன்னாடி நிக்குது. அந்த அளவுக்கு ரயிலடி சொன்னத நான் ஒத்துக்கறேன். ஆனா தோண்டுறத ஒரு வருஷம் விட்டாலும் மணல் திரும்ப வரும், அந்த செலவத் தாங்குற அளவுக்கு சரக்கு இருக்கணும். பக்கத்துலயே ஒண்ணு வந்தப்பறம் நாகைக்குன்னு தனியா சரக்கு எங்கேர்ந்து வரும்? பனங்குடியில ரிஃபைனரி 1993லேர்ந்து இருக்கு, நரிமணம் எண்ணெய்க்காக வந்தது, இப்ப அத பெருசா கட்டுறாங்க, அதுக்கு ஏதாவது வேலை வருமான்னு பாக்கணும். நெலம் குடுத்தவங்க புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கணும், அதான் மொத கவலை.

ரயிலடி:

அண்ணே நீங்க ஒத்துகிட்டதுக்கு நானும் பாதி ஒத்துக்கறேன், பராமரிக்கற செலவ நான் யோசிக்கல. எனக்கு பெரிய கப்பல் கூட வேண்டாம். காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு சில நாள்ல நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சே, அது வருஷம் பூரா ஓடுற மாதிரி முகத்துவாரத்த ஒழுங்கா தோண்டி வச்சாலே படகுக்காரங்களுக்கும் சேத்து நல்லது. அந்தக் கரை 60 கடல் மைல்தான்.

கடைமடை:

அக்கரைப்பேட்டை அம்மா எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். தம்பி, அந்தப் பெட்டிய பழைய இரும்புக்கு போட்டுடாதீங்க. பாஸ்போர்ட்டுல முத்திரை குத்துன தேதியெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க, மை அழிஞ்சுகிட்டே போகும். பாட்டி இருந்தா இன்னிக்கே கேட்டு வைங்க.

நாகைப்பையன்:

போட மாட்டேன் ஐயா, கூடத்துக்கு கொண்டு வந்து வச்சாச்சு. நீங்க சொன்னப்பறம் பாட்டிகிட்ட ஃபோன்ல கேட்டேன், அவங்களுக்கு 88 வயசு. தாத்தா போன அன்னிக்கு கடக்கரையில நின்னாங்களாம், இடுப்புல எங்க பெரியப்பா. வரிசையா நாலஞ்சு தோணி போயிருக்கு, எல்லாரும் வெள்ளை வேட்டி, எதுல தாத்தா இருக்காருன்னு தெரியலயாம். பச்சைப்பெட்டி எந்தத் தோணியில இருக்குன்னு தேடித் தேடி அதையே பாத்துகிட்டு நின்னேன்டான்னாங்க.

மணல்திட்டு அண்ணே, உங்க அப்பா எந்த வருஷத்துலேர்ந்து தோணியில இருந்தாரு? தாத்தா பாஸ்போர்ட்டுல முத்திரை 1956.

மணல்திட்டு:

1951லேர்ந்து தம்பி. 1956ல அவரு அங்கதான் இருந்தாரு. ஞாயித்துக்கிழமை நீங்க ஊர்ல இருந்தா சொல்லுங்க, பெட்டிய வந்து பாக்குறேன்.